34 வருஷம் கழித்து வந்த கைதட்டல்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ரொம்பப் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால், அவர் ஜெர்சியில் இருந்த எண்ணை அதற்குப் பிறகு யாருக்கும் தர மாட்டார்கள். நாஷ்வில் நகரத்தில் இருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் 25-ஆம் எண்ணை அப்படி ஒதுக்கி வைத்தது. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் பெர்ரி வாலஸ். அவர் அங்கே கடைசியாகக் கூடைப்பந்து ஆடியது 1970-இல்! ஏன் இவ்வளவு தாமதம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வாலஸ் வெளியூர்க்காரர் இல்லை, நாஷ்வில்லிலேயே பிறந்து வளர்ந்தவர். பேர்ல் உயர்நிலைப் பள்ளி அணி 1966-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மாநிலக் கோப்பையை வென்றது, அதில் இவர்தான் நட்சத்திரம், படிப்பிலும் வகுப்பில் முதல். அந்த வருஷமே வாண்டர்பில்ட்டில் மின் பொறியியல் சேர்ந்தார். தென் மாநிலக் கல்லூரிகள் ஆடும் எஸ்.இ.சி. லீக்கில் அதுவரை கறுப்பின வீரர் யாரும் கூடைப்பந்து ஆடியதில்லை, இவர்தான் முதல் ஆள்.

முதல் வருஷ மாணவர்களுக்குத் தனி அணி. அதில் இவரோடு டெட்ராய்ட்டிலிருந்து வந்த காட்ஃப்ரே டில்லார்ட் என்ற இன்னொரு கறுப்பின மாணவரும் இருந்தார். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடப் போனபோது கூட்டம் கத்திய கத்தலில், இடைவேளையில் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு டில்லார்டுக்கு முழங்காலில் அடிபட்டது, சீனியர் அணியில் ஆடாமலே அவர் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் வாலஸ் தனியாள். 1968-இல் மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டில், ஓல் மிஸ் (அங்கிருக்கும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயர்) அணியின் மைதானத்தில், கண்ணருகே அடி வாங்கினார், இடைவேளையில் சிகிச்சை முடிவதற்குள் மற்றவர்கள் போய்விட, ஏளனம் செய்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவே தனியாகவே நடந்து வந்து மறுபடியும் ஆடினார். வாண்டர்பில்ட் ஜெயித்தது.

இதில் இன்னொரு கூத்து. அவருடைய பலமே குதித்துப் பந்தைக் கூடைக்குள் அறைவது, அதாவது டங்க். அவர் சீனியர் அணிக்கு வரும் நேரம் பார்த்து, 1967-இல், கல்லூரிக் கூடைப்பந்தில் டங்க்கையே தடை செய்துவிட்டார்கள். யு.சி.எல்.ஏ. என்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உயரமான ஆட்டக்காரர் லூ அல்சிண்டரைக் (பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார்) கட்டுப்படுத்தத்தான் என்று பலர் சொல்வார்கள். யாருக்காகக் கொண்டுவந்தாலும் வாலஸுக்கும் நஷ்டம்தான். 1970 மார்ச்சில் கடைசி ஆட்டம், எதிரணி அதே மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம். 28 புள்ளி, 27 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது), போதாததற்குத் தடையை மதிக்காமல் ஒரு டங்க்கும்!

அந்த வருஷம் மாணவர்கள் ஓட்டுப் போட்டு, மாணவருக்கான பெரிய கௌரவம் ஒன்றையும் அவருக்குக் கொடுத்தார்கள். சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. அந்த நேரத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்து, தன் ஆட்டத்தை மதித்தார்கள், ஆனால் தன்னைத் தரை பெருக்குகிறவனாகத்தான் பார்த்தார்கள் என்ற பொருள்படப் பேசி, அங்கே தான் பட்ட தனிமையை வெளிப்படையாகச் சொன்னார். நன்றிகெட்டவன் என்று பலர் திட்டினார்கள். அவர் ஊரை விட்டே போய்விட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அரசாங்க வழக்கறிஞராக இருந்து, வாஷிங்டனில் சட்டப் பேராசிரியரானார்.

என்னைக் கேட்டால் அந்த 34 வருஷத் தாமதத்துக்கு அந்தப் பேட்டியும் ஒரு காரணம். அடி வாங்கிக்கொண்டு அமைதியாக இருந்தவருக்கு மாலை போடுவது எந்த நிறுவனத்துக்கும் சுலபம், போகும்போது உண்மையைச் சொல்லிவிட்டுப் போனவரைத் திரும்பக் கூப்பிடுவதுதான் கஷ்டம். கடைசியில் கூப்பிட்டார்கள், அவரும் கசப்பில்லாமல் வந்தார் என்பது இரண்டு பக்கத்துக்கும் பெருமைதான். 2008-இல் பல்கலைக்கழக விளையாட்டுப் புகழ் மன்றத்தின் முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது. 2017 டிசம்பரில், 69 வயதில், காலமானார். 2020-இல் வளாகத்தை ஒட்டிய 25-ஆம் அவென்யூவின் ஒரு பகுதிக்கு பெர்ரி வாலஸ் வழி என்று பெயர் வைத்தார்கள். அவருடைய எண்ணும் 25, தெருவும் 25. பெயர்ப் பலகையோடு அந்தப் பேட்டியையும் அச்சடித்து அங்கே மாட்டியிருந்தால் எனக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும். நன்றி, வணக்கம்.