நிலா பிறந்த கதையை வரையப் போய்

[காட்சி: பௌர்ணமி இரவு. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குப் பின்னாலிருந்து நிலா மேலே வருகிறது.]

வணக்கம். இந்த நிலா எப்படி வந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைய உட்கார்ந்தேன். முதல் காட்சியிலேயே மாட்டிக்கொண்டேன். நீலப் பூமி, வெள்ளை மேகம், அதன்மேல் இன்னொரு கோள் வந்து மோதுகிறது. பக்கத்தில் இருந்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அப்போ கடல் ஏது?"

சரிதானே! கதை நடந்தது சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். நம்மூர்ப் பாறைகளுக்கே வயது ஏறத்தாழ 250 கோடிதான். நீலத்தை அழித்துவிட்டேன்.

[காட்சி: கருஞ்சிவப்பில் பூமி. ஓரத்தில் இன்னொரு கோள்.]

வருகிற கோளுக்குத் தேயா என்று பெயர். கிரேக்கக் கதையில் நிலா தேவதையின் அம்மா. செவ்வாய் அளவு இருந்திருக்கலாம் என்கிறார்கள். 1975-இல் ஹார்ட்மன், டேவிஸ் என்ற இருவர் இந்த மோதலைப் பற்றி எழுதினார்கள். வினாடிக்கு ஒன்பது கிலோமீட்டர் அளவு வேகம். கிருஷ்ணகிரியில் கிளம்பினால் ஐந்தாறு வினாடியில் தர்மபுரி. நேருக்கு நேர் இல்லை, சாய்வாக வந்து இடிக்கிறது.

[காட்சி: மோதல். 10 வினாடி ஒலியே இல்லை.]

ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை. விண்வெளியில் சத்தம் கேட்காது.

தேயாவின் இரும்பு பூமிக்குள் போய்விட்டது. வெளியே தெறித்து நிலாவானது பெரும்பாலும் பாறைதான். நிலாவுக்குள் இரும்பு ரொம்பக் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். தெறித்ததில் தேயாவின் பங்கு அதிகம் என்றால், நிலாக் கல் பூமியிலிருந்து வேறுபட வேண்டும். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் ஆராய்ந்தால், ஆக்சிஜனின் கைரேகை, அதாவது கனம் வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், நிலாவுக்கும் பூமிக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. களி கிண்டுகிற வீட்டுக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரண்டு உருண்டையும் ஒரே மாவில் பிடித்ததாக இருக்கலாம். இல்லையென்றால், கிண்டிய கிண்டில் எது எதென்று தெரியாமல் கலந்திருக்கலாம். இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

[காட்சி: பூமியைச் சுற்றி நெருப்பு வளையம்.]

இந்த வளையம் திரண்டுதான் நிலா ஆனது என்பது பழைய கணக்கு. சில மணி நேரத்திலேயே நிலா உருவாகியிருக்கலாம் என்று 2022-இல் வந்த ஒரு கணினி மாதிரி சொல்கிறது. நான் வளையத்தையே வரைந்தேன். உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாக இருந்ததால்தான்.

[காட்சி: அதே மலை. பின்னால் பிரம்மாண்டமான சிவந்த நிலா.]

இன்று 3,84,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நிலா, அன்று 25,000 கிலோமீட்டரில் இருந்ததாக வைத்துக்கொண்டேன். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அகலம். மலை அப்போது கிடையாது. அளவு தெரியட்டும் என்று வைத்திருக்கிறேன், திட்டாதீர்கள்.

கடைசியாக நிலாவின் தோல். இங்கே அறுத்துப் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்டைப் போட்டோ எடுத்து ஒட்டினேன். தப்பு. நிலா முழுக்கக் குழம்பாக உருகிக் கிடந்தபோது, கனம் குறைந்த வெளிர்நிறக் கல் பாலாடை மாதிரி மேலே மிதந்து உறைந்தது. அனார்த்தோசைட் என்பார்கள். அந்தக் கல் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலேயே கிடைக்கிறது; அதை அரைத்துத்தான் சந்திரயானைச் சோதிக்க இஸ்ரோ நிலா மண் தயாரித்தது.

[காட்சி: வெளிர்சாம்பல் நிலா, மெதுவாகச் சுழல்கிறது.]

ஆக, நீங்கள் இப்போது திரையில் பார்க்கிற இந்த நிலாவுக்கு மேல்தோல் சித்தம்பூண்டிக் கல்லின் போட்டோ.