ஆசிரியர் சங்கங்களும் பேச்சுவார்த்தை உரிமையும்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி வட்டத்துக் காட்டோரச் சிற்றூர்களிலும் உள்ள தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகளே. அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்றுதான் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் வரையறுத்திருக்கிறது. அந்த இருவரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினால் பள்ளியைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்க்கும் ஊர்களில், படிப்புக்கு அந்தப் பள்ளியை விட்டால் வேறு துணையும் இல்லை. ஆகவே ஆசிரியர் போராட்டம் என்ற செய்தி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை மற்ற இடங்களைவிட ஆழமாகத் தாக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர்கள் ஏன் அந்த எல்லை வரை செல்ல நேர்கிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. அவ்வுரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே கூறிவிட்டது. ஆசிரியர், அப்போதைய தொழிற்தகராறு சட்டம் குறிக்கும் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்று 1988இல் கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளிக்குச் சமரச அதிகாரி உண்டு, தொழில் தீர்ப்பாயம் உண்டு; ஆசிரியருக்கு அந்தக் கதவுகள் திறப்பதில்லை. சங்கம் இருக்கலாம், மனு கொடுக்கலாம். ஆனால் அரசு எதிரே உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. என் பார்வையில் நோயின் வேர் இதுதான்.

இதன் விளைவை 2003 ஜூலையில் பார்த்தோம். ஓய்வூதியம் முதலிய சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வரை, டெஸ்மா எனப்படும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யத் தார்மிக உரிமைகூட இல்லை என்றது; மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்த பிறகே பெரும்பாலோர் பணிக்குத் திரும்ப முடிந்தது.

2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவருக்கு 8,370 ரூபாய். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே கல்வித் தகுதி, ஊதியம் மட்டும் இருவேறு. பேச்சுவார்த்தைக்கு நிலையான ஓர் அமைப்பு இருந்திருந்தால் முதல் ஆண்டிலேயே தீர்ந்திருக்க வேண்டிய முரண்பாடு இது. பல ஆண்டுகள் கழித்தும் அதற்காகச் சென்னையில் ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருக்க நேர்ந்ததை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. பழைய ஓய்வூதியத்தோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைத்து 2019 ஜனவரி 22இல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தொடங்கிய காலவரையற்ற வேலைநிறுத்தம், 17பி எனப்படும் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைகளுக்கும் கைதுகளுக்கும் இடையே, மாணவர் நலன் கருதி அம்மாதம் 30ஆம் தேதி விலக்கிக்கொள்ளப்பட்டது. கோரிக்கைகள் அப்படியே நின்றன.

மாற்று வழி நமக்குப் புதியதன்று. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு இயங்குகிறது. ஊதியம், வார வேலைநேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குச் செல்லவும் அதில் வழி உண்டு. அத்தகைய அமைப்பைத் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சட்டத்தின் மூலமே உருவாக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை கூட்டம், முடிவுக்கு இவ்வளவு காலம் என்பவை சட்டத்திலேயே எழுதப்பட்டால்தான், ஆட்சி மாறும்போது அமைப்பும் காணாமல் போகாது.

சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மலைப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதும், சாலையில்லா ஊர்களில் பணிபுரிவோருக்குக் குடியிருப்பு தருவதும் அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் ஊதியத்துக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டும். வேலைநிறுத்தம் தவிர்க்க முடியாத நாளிலும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு விலக்களிப்பதாகச் சங்கங்கள் முன்கூட்டியே அறிவித்தால், சித்தேரியின் பெற்றோர் ஆசிரியர்களின் பக்கம் நிற்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நன்றி, வணக்கம்.