வீட்டுக் கராஜில் ஒரு எஞ்சின்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் சிலருடைய வீட்டுக்குப் புதுக் கார் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். பூட்டி ஓட்டுவது வாங்கியவர் பாடு. கிட் கார் என்பார்கள்.

இதில் பேர் பெற்றது லோட்டஸ் செவன். லோட்டஸ் கம்பெனியை நிறுவிய கொலின் சாப்மேன் 1957-இல் கொண்டுவந்தார். அப்போது முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளாக வாங்கினால் இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி. லோட்டஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள்! கடைசியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான். 1973-இல் வாட் வரி வந்ததும் அந்த மிச்சம் போயிற்று. பூட்டுகிறவர்கள் என்னவோ இன்றும் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அங்கே இருந்தபோது, இந்த ஜாதிக் கார் ஒன்றைக் கட்டிய நண்பருக்குக் கையுதவியாகப் போனேன். பழைய ஃபோர்டு கென்ட் எஞ்சின். அதைச் சேஸியில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், இறக்குவதுதான் பெரிய வேலை என்று நினைத்தேன். அது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு முன்னால் தரையில் செய்த வேலைதான் ஒரு பகலைத் தின்றது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வெளியிலேயே சேர்த்துவிட வேண்டும். நடுவில் கிளட்ச் பிளேட். அது நட்டநடுவில் நிற்காவிட்டால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே நுழையாது. ஒரு துடைப்பக் கட்டையில் டேப்பைச் சுற்றி, அதைச் செருகித்தான் பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவந்தோம். அப்புறமும் ஒரு விரற்கடை இடைவெளி மூட மறுத்தது. போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கூடவே கூடாது, பிளேட் நெளியும், அலுமினிய உறை விரிசல் விடும். கியரில் போட்டு, பின்பக்க ஷாஃப்டை லேசாகத் திருப்பினோம். லபக்கென்று உட்கார்ந்தது.

இறக்கும்போது கியர்பாக்ஸின் வால் கீழே போகும்படி நன்றாகச் சாய்க்க வேண்டும். கியர் ஆயிலை முன்பே ஊற்றியிருந்தால் அது வால் வழியாகத் தரைக்கு வந்துவிடும். நண்பர் கிரேனைப் பார்த்துக்கொண்டார். நான் சீட்டுப் பக்கமிருந்து கையை விட்டு, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கோத்தேன். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் மட்டும் யாரும் படுக்காதீர்கள்.

சரி, எல்லாம் பூட்டியாயிற்று. நண்பர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் ஏறட்டும் என்று ஸ்டார்ட்டரைத் தட்டினார். முனகியது, சுற்றவில்லை. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பார்த்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை உருகிக்கொண்டிருந்தது!

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சேஸியோடு அதை இணைக்கும் எர்த் பட்டையை மறந்துவிட்டோம். ஸ்டார்ட்டர் இழுத்த அத்தனை கரண்டும் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போயிருக்கிறது. கழற்றும் முறையைப் பின்னாலிருந்து படித்திருந்தால் விட்டிருக்க மாட்டோமோ என்னவோ.

பட்டை மேசை மேல், என் டீக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. அதை மாட்டி மறுபடி தட்டியதும் ஆயில் பிரஷர் முள் மெதுவாக எழுந்தது. புதுக் கேபிளுக்குத்தான் திங்கட்கிழமை வரை காத்திருந்தோம்.

நன்றி, வணக்கம்.