சிவப்புச் சுவிட்சு: 115 வோல்ட்டா, 230 வோல்ட்டா?

[காட்சி: மேசைக்கணினியின் பின்புறம். மின்கம்பி செருகும் இடத்தை ஒட்டி ஒரு சிறிய சிவப்புச் சுவிட்சு.]

வணக்கம். பழைய மேசைக்கணினிகள் பலவற்றின் பின்புறத்தில், மின்கம்பி செருகும் இடத்தை ஒட்டி, இப்படி ஒரு சிவப்புச் சுவிட்சு இருக்கும். அதன்மேல் 115 அல்லது 230 என்ற எண் தெரியும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கணினியைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இயக்கப் போகிறவரும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பழையதாகக் கடையில் வாங்குகிறவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட்.

சுவிட்சு 115-இல் இருக்க, 230 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டால், பெட்டிக்குள் வெடிச் சத்தமும் புகையும் வருவதற்கு அதிக நேரம் ஆகாது. அதுவே 230-இல் வைத்து 115 வோல்ட் கொடுத்தால், கணினி இயங்காது. பெரும்பாலும் வேறு எந்தச் சேதமும் நேராது. தவறு ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் பேரிழப்பு, மறுபக்கம் ஒன்றுமில்லை. இதன் காரணம் அந்தச் சுவிட்சு உள்ளே செய்யும் வேலையில் இருக்கிறது.

[காட்சி: எஸ்.எம்.பி.எஸ். உட்புறம். மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் இரண்டு பெரிய மின்தேக்கிகள் அருகருகே நிற்கின்றன.]

சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை முதலில் ஒரு மின்மாற்றி குறைக்கிறது, அந்த மின்மாற்றியின் சுற்றுகளைத்தான் இந்தச் சுவிட்சு மாற்றுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ். அப்படி இயங்குவதில்லை. சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம், மின்மாற்றியை அடைவதற்கு முன்பே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடுகள் நான்கு கொண்ட பிரிட்ஜ் வழியாக நேர்திசை மின்சாரமாக மாறி, இந்த இரண்டு மின்தேக்கிகளில் சேர்கிறது. அதன் பிறகுதான் அதிவேகச் சுவிட்சுகளாக இயங்கும் டிரான்சிஸ்டர்கள் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டு துண்டாக வெட்டி, ஒரு சிறிய மின்மாற்றிக்குள் அனுப்புகின்றன. அங்கிருந்தே கணினிக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் ஆகியவை பெறப்படுகின்றன.

இங்கே ஓர் எண்ணை மனத்தில் கொள்ள வேண்டும். 230 வோல்ட் என்று நாம் சொல்வது சராசரி வகையிலான ஒரு மதிப்பு. அலையின் உச்சியில் அது 1.414 மடங்கு உயர்ந்து, ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடுகிறது. மின்தேக்கிகள் அந்த உச்சிவரை நிரம்புகின்றன. அவை தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் தோள்மேல் ஒருவர் நிற்பதைப் போல, 325 வோல்ட்டை இரண்டும் பாதிப் பாதியாகத் தாங்குகின்றன. ஒன்றின் பங்கு சுமார் 162 வோல்ட். அதனால்தான் அவற்றின் மேல் 200 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த அளவு அங்கே போதும்.

இப்போது சுவிட்சை 115-க்கு நகர்த்துவோம்.

[காட்சி: சுற்று வரைபடம். இரண்டு மின்தேக்கிகளின் நடுப்புள்ளியிலிருந்து சுவர் மின்சாரத்தின் ஒரு கம்பிக்கு இணைப்பு உருவாகிறது.]

சுவிட்சு செய்வது இந்த ஓர் இணைப்பை மட்டுமே. மின்தேக்கிகள் இரண்டும் சந்திக்கும் நடுப்புள்ளியை அது சுவர் மின்சாரத்தின் ஒரு கம்பியோடு சேர்த்துவிடுகிறது. இதன் பிறகு, அலையின் மேல்பாதியில் ஒரு மின்தேக்கி மட்டும் முழு உச்சிவரை நிரம்புகிறது. கீழ்ப்பாதியில் மற்றொன்று அதேபோல் தனியாக நிரம்புகிறது. 115 வோல்ட்டின் உச்சி 162 வோல்ட் என்பதால், இரண்டும் சேர்ந்து மீண்டும் அதே 325 வோல்ட்டைத் தருகின்றன. பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு எந்த நாட்டின் மின்சாரம் வருகிறது என்ற வேறுபாடே தெரியாது. ஒரு கம்பியும் ஒரு சுவிட்சும் கொண்டு மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் இந்த ஏற்பாடு, மலிவான பொறியியலின் மிக அழகான தீர்வுகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

ஆபத்தும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நடுப்புள்ளி இணைந்திருக்கும் நிலையில் 230 வோல்ட் வந்தால், ஒவ்வொரு மின்தேக்கியும் தனித்தனியே 325 வோல்ட்டை நோக்கி நிரம்பத் தொடங்கும். மொத்தம் 650 வோல்ட். 200 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட மின்தேக்கியின் உள்ளிருக்கும் திரவம் சூடாகி ஆவியாக, அதன் தலையில் கீறிவிடப்பட்டிருக்கும் கோடுகள் வழியே மூடி பிளந்துகொள்ளும். அந்தக் கீறல்கள் வெடிப்பின் வேகத்தைத் தணிப்பதற்காகவே இடப்பட்டவை. சில எஸ்.எம்.பி.எஸ்.களில் மின்தேக்கிகளுக்கு இணையாக வேரிஸ்டர் என்ற பாதுகாப்பு உறுப்பு இருக்கும். அது குறுக்கிணைப்பாகி ஃபியூஸை எரித்துவிடும், மின்தேக்கிகள் தப்பலாம். மாறாக, 230 நிலையில் 115 வோல்ட் வந்தால் உள்ளே 162 வோல்ட்தான் கிடைக்கும். அது தேவையில் பாதி. எந்த உறுப்பும் தன் எல்லையைத் தாண்டுவதில்லை, எஸ்.எம்.பி.எஸ். எழுந்து நிற்க வலுவில்லாமல் நின்றுவிடும்.

நம் ஊர்களில் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கோடை மாலைகளில் மின்னழுத்தம் குறைந்து கணினி அடிக்கடி அணைந்துபோகும் இடங்களில், சுவிட்சை 115-க்கு மாற்றினால் ஓடும் அல்லவா என்ற எண்ணம் எழலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தாலும் அதன் உச்சி 240 வோல்ட்; அதுவே 200 வோல்ட் மின்தேக்கிக்கு அதிகம். பக்கத்து வீட்டு மோட்டார் நின்று மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும் நொடியில் அது 325-ஐ நோக்கிப் பாயும். குறை மின்னழுத்தத்துக்குத் தீர்வு ஸ்டெபிலைசர்தான்.

[காட்சி: எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் ஒட்டிய விவரச்சீட்டு, நெருக்கமாக.]

இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களில் இந்தச் சுவிட்சு பெரும்பாலும் இல்லை. அதற்குக் காரணம், மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் விதம் பற்றிய விதிகள். பழைய சுற்று, அலையின் உச்சியில் மட்டும் மின்சாரத்தைச் சட்டென்று இழுத்துவிட்டு, மற்ற நேரத்தில் சும்மா இருக்கும். இப்படி லட்சக்கணக்கான கணினிகள் செய்யும்போது மின்வலையமைப்பின் அலைவடிவம் சிதைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான கட்டுப்பாடு 2001-இல் கட்டாயமானது. எஸ்.எம்.பி.எஸ்.களின் மின்சிக்கனத்துக்காக 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழும், மின்சாரத்தை எவ்வளவு சீராக எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டும் திறன் காரணி (முழுச் சீர் என்றால் 1) குறைந்தது 0.9 இருக்க வேண்டும் என்றது. இதற்காகச் சேர்க்கப்பட்ட திருத்தச் சுற்று, உள்ளே வரும் மின்னழுத்தம் எதுவானாலும் அதை 380 முதல் 400 வோல்ட்வரை உயர்த்திவிடுகிறது. 240 வோல்ட்டைவிடப் பத்து விழுக்காடு கூடுதலான 264 வோல்ட்டின் உச்சியே 373 வோல்ட் என்பதால்தான் அதற்கும் மேலான அளவைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாவற்றையும் அதுவே உயர்த்திக்கொள்ளும்போது, இரட்டிப்பாக்கும் சுவிட்சுக்கு வேலை இல்லாமல் போனது.

ஆனாலும் சுவிட்சு கண்ணில் படவில்லை என்பதை மட்டும் வைத்து எல்லா நாட்டிலும் ஓடும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. விவரச்சீட்டில் 100–240 என்று இடைக்கோடு போட்டிருந்தால், அந்த வரம்புக்குள் எந்த மின்னழுத்தமும் சரி. 115/230 என்று சாய்கோடு இருந்தால் சுவிட்சைத் தேடிப் பாருங்கள். 200–240 என்று மட்டும் இருந்தால், அது நம்முடையதைப் போன்ற நாடுகளுக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ கொண்டுபோனால் பயன்படாது. ஒரே எஸ்.எம்.பி.எஸ். இரண்டு இடத்திலும் ஓடினாலும், 345 வாட் எடுக்கும்போது 115 வோல்ட்டில் 3 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் என்பதால், நம்மிடம் கம்பிகள் குறைவாகவே சூடாகும்.

சுவிட்சை மாற்றும்போது மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். ஏற்கெனவே வெடித்துவிட்ட ஒன்றாக இருந்தால், ஃபியூஸை மட்டும் மாற்றி மீண்டும் மின்சாரம் கொடுப்பதால் பயனில்லை. மின்தேக்கி, வேரிஸ்டர், டிரான்சிஸ்டர் அனைத்தையும் சோதித்தாக வேண்டும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். எனவே பெட்டியைத் திறக்கும் வேலையை, அதைப் பாதுகாப்பாக வடிக்கத் தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.