பன்னிரண்டு சுற்றுக் கட்டுக்கம்பி

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் இ.எம்.இ. என்று ஒரு படைப்பிரிவு இருக்கிறது. துப்பாக்கியிலிருந்து டாங்கி வரை எது பழுதானாலும் அதைச் சரிசெய்து திரும்ப ஓடவைப்பது அதன் வேலை. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி தொடங்கிய பிரிவு அது. நான் செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, கிராஃப்ட்ஸ்மேனாக, அதாவது அடிமட்டத் தொழில்நுட்பச் சிப்பாயாகச் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் ரெக்கவரி வேலை பார்த்தேன். வழியில் நின்றுபோன வண்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பதுதான் ரெக்கவரி.

இன்று உங்களிடம் டோ பார், அதாவது நின்றுபோன வண்டியை முன்வண்டியோடு இணைத்து இழுக்கும் எஃகுச் சட்டம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும், வண்டியை இழுக்காத நேரத்தில் அந்த டோ பாரை எப்படிப் பூட்டி வைக்கிறோம், எப்படிக் கழற்றுகிறோம் என்பதைப் பற்றி. எத்தனையோ நாள் தூக்கம் கெட்டு நான் யோசித்த விஷயம் இது.

நம் ஊர் நெடுஞ்சாலையில் லாரி நின்றுபோனால் கயிறோ சங்கிலியோ கட்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமதரையில் அது போதும். மலையில் போதாது. இறக்கத்தில் முன்வண்டி வேகத்தைக் குறைத்தால் கயிறு தொய்யும், பின்வண்டி வந்து முதுகில் முட்டும். பின்வண்டிக்கு பிரேக் இருக்குமே என்று கேட்கலாம். ஸ்பிரிங் பிரேக் உள்ள கனரக வண்டியில் காற்று இறங்கிப்போனால் சக்கரங்கள் தானாகவே இறுகிக்கொள்ளும். அந்த வண்டியை நகர்த்தவேண்டுமானால் ஒன்று, முன்வண்டியிலிருந்து குழாய் போட்டுக் காற்று கொடுக்கவேண்டும். இல்லையென்றால் அடியில் படுத்து ஸ்பிரிங்கைத் திருகித் தளர்த்தவேண்டும். தளர்த்திய பிறகு அதற்கு பிரேக் என்பதே கிடையாது. ஸ்டியரிங்கும் இன்ஜின் உதவி இல்லாமல் கல்லாகக் கனக்கும். அப்போது இரண்டு வண்டிக்கும் நடுவில் விறைப்பாக நின்று, இழுக்கவும் தடுக்கவும் செய்வது டோ பார் ஒன்றுதான்.

லாரிகளுக்கான டோ பாரை இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏணியை விரித்து வைத்தது போல இரண்டு எஃகுக் குழாய்கள். இரண்டும் சேரும் முனையில் கனத்த வளையம் ஒன்று. நேட்டோ நாடுகளின் அளவில் அந்த வளையத்தின் உள்விட்டம் 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். அது முன்வண்டியின் பின்கொக்கியில் விழுந்து பூட்டிக்கொள்ளும். விரிந்த இரண்டு கால்களும் பின்வண்டியின் பம்பரில் இருக்கும் காதுகளில் பின் போட்டு மாட்டப்படும். 60 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய் என்றால் ஒரு மீட்டர் ஏறத்தாழ 7 கிலோ. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டராக இரண்டு கால், அதோடு வளையம், காதுகள் எல்லாம் சேர்த்தால் 40 கிலோவை நெருங்கிவிடும். இரண்டு பேர் தூக்குகிற பொருள்.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் ஜோஜிலா கணவாய், சுமார் 3,500 மீட்டர் உயரம். பாகிஸ்தானோடு நடந்த முதல் போரில், 1948 நவம்பர் 1ஆம் தேதி நம் 7வது கேவல்ரி என்ற டாங்கிப் படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் அங்கே ஏறிப்போய்ப் போரிட்டன. அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிரி நினைத்திருக்கவில்லை. அவை ஏறுவதற்குப் பாதையை வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையினர். அந்தக் கணவாயில் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்லும் சம்பவமும் ஒரு நவம்பர் மாதத்தில் நடந்தது. கான்வாயில் எங்களுக்கு முன்னால் போன லாரி, வளைவில் புகை கக்கி நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பொழுது சாய்கிறது, பனி பெய்யத் தொடங்கிவிட்டது. எங்கள் வண்டியில் பூட்டி வைத்திருந்த டோ பாரை இறக்கச் சொன்னேன். என்னோடு இருந்த பையன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல பின்னைக் காணோம். கட்டுக்கம்பி சுத்தியிருக்கு" என்றான்.

பன்னிரண்டு சுற்று. நானே எண்ணினேன். வீடு கட்டும்போது முறுக்குக் கம்பிகளைக் கட்டுவோமே, அதே கம்பி. முறுக்கிய முனையை உள்ளே மடித்துத் தட்டியிருந்தார்கள். மேலே பனி உறைந்து கண்ணாடி மாதிரி மூடியிருந்தது. கையுறையோடு முனையைப் பிடிக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்து இழுக்கிறது. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று மாற்றி மாற்றிக் கட்டிங் பிளேயரால் வெட்டினோம். டோ பார் தரையில் இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இழுக்கிற வேலையை அதற்கப்புறம்தான் தொடங்கவே முடிந்தது. அந்தப் பையனுக்கு இரண்டு விரல் நுனிகளில் பல நாள் உணர்வே வரவில்லை.

கம்பி கட்டியவரை நான் குற்றம் சொல்லவில்லை. பழைய பின் எங்கோ விழுந்து தொலைந்திருக்கிறது. பார் ஆடுகிறது, கட்டினார். அவர் கட்டியது ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் அசையவில்லை. கெட்டியாகப் பிடிக்கவேண்டும் என்பது பாதி வேலை, அதை அவர் செய்துவிட்டார். கேட்டதும் விடவேண்டும் என்கிற மறுபாதிதான் விடுபட்டுப்போனது. டோ பார் தாங்கியை வரைகிறவர்களும் பல நேரம் இதே தவற்றைச் செய்கிறார்கள். போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கிவிட்டால் வரைபடத்தில் அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இருட்டில், சேற்றில், மரத்துப்போன கையோடு ஸ்பேனர் தேடுகிறவனை அந்த வரைபடம் பார்ப்பதில்லை.

கெட்டியாகப் பிடிப்பதும் எளிதில்லை. 40 கிலோ பார், குண்டும் குழியுமான பாதையில் வண்டி குதிக்கும்போது 40 கிலோவாக இருக்காது. குதிப்பில் நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டாலே 160 கிலோ எடை தாங்கியை உலுக்குகிறது. அதுவும் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை. இரும்போடு இரும்பு உரசினால் துளை தேய்ந்து அகலமாகும், அகலமானால் இன்னும் ஆடும். சத்தமும் கேட்கும். இரவில் விளக்கணைத்துப் போகும் வண்டியில் டோ பார் கடகடவென்று அடித்துக்கொண்டால் மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். அதனால் தாங்கியின் உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கவேண்டும்.

சட்டென்று கழல்கிற பூட்டுகளில் மிகவும் அழகானது பால் லாக் பின். கட்டைவிரல் பருமனில் எஃகுத் தண்டு, உள்ளே குழாய் மாதிரிப் பொள்ளல். அதற்குள் ஸ்பிரிங்கோடு ஓர் ஊசி ஓடும். நுனிக்கு அருகே இரண்டு பக்கமும் சிறிய எஃகுக் குண்டுகள், கடலைப்பருப்பு அளவு, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அவை துருத்தி நிற்கும்வரை பின் துளையைவிட்டு வராது. தலைப்பொத்தானை அழுத்தினால் உள்ளே ஊசி நகரும். ஊசியில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். பள்ளம் குண்டுகளுக்கு நேராக வந்ததும் குண்டுகள் உள்ளே விழும், பின் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். பொத்தானை விட்டால் ஸ்பிரிங் ஊசியைத் திருப்பித் தள்ளும், குண்டுகள் மறுபடி வெளியே. ஒரு கை போதும். ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்துப் பார்த்தால் மனம் மயங்கிவிடும்.

நான் பலமுறை ஏமாந்ததும் அதனிடம்தான். ராஜஸ்தான் மணல் மாவு போல இருக்கும். குண்டுகள் உட்காரும் பொந்துக்குள் அது புகுந்துவிட்டால் குண்டு பாதியில் நின்றுவிடும். லடாக்கில் கிரீஸ் உறைந்து மெழுகாகிவிடும், பொத்தான் அழுந்தாது. தூசிக்கும் குளிருக்கும் போகிற வண்டிக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதைவிட என் மனசுக்குப் பிடித்தது உங்கள் வீட்டு டிபன் கேரியரில் இருக்கும் கொக்கிப்பூட்டு. பக்கத்திலுள்ள கொக்கியை மேல்தட்டில் மாட்டி நெம்பை அழுத்தும்போது முதலில் எதிர்க்கும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் டக்கென்று படுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்துக்கு அப்பால் போய்விட்டால், கேரியர் எவ்வளவு குலுங்கினாலும் அந்தக் குலுக்கலே நெம்பை மூடும் பக்கம் தள்ளும். அதே அமைப்பைப் பெரிதாக, உள்ளங்கை முழுவதும் பிடிக்கும் நெம்போடு செய்தால் கையுறை போட்ட கையாலேயே திறக்கலாம். கிளை ஏதாவது தட்டித் திறந்துவிடாமல் இருக்க நெம்புக்குக் குறுக்கே ஒரு சின்னக் கடையாணி. மாட்டுவண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் நம் தாத்தாக்கள் போட்டார்களே, அதே கடையாணி, தலையில் ஒரு வளையத்தோடு.

எந்தப் பூட்டைப் போட்டாலும் ஒரு விஷயத்தில் தவறிவிட்டால் எல்லாம் வீண். பாரின் எடை பூட்டின் மேல் விழக்கூடாது. மழைக்காலத்தில் கதவு ஊதிப்போனால் தாழ்ப்பாள் நகராது. கதவை ஒரு தள்ளு தள்ளினால்தான் தாழ் விலகும், ஏனென்றால் கதவின் அழுத்தம் முழுவதும் தாழில் இருக்கிறது. பாரம் ஏறிய பின்னும் அப்படித்தான். சுத்தியலால் அடித்தாலும் வராது. அதனால் பார் உட்காருவதற்குத் தொட்டில் மாதிரி ஒரு தாங்கி வேண்டும். எடை முழுவதும் தொட்டிலில் இறங்கவேண்டும். பூட்டு அதை எழும்பவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்தத் தொட்டிலும் இடுப்பு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. வண்டிக் கூரையில் பாரை வைத்த வடிவமைப்புகளையும் பார்த்திருக்கிறேன். 40 கிலோவைத் தலைக்கு மேலிருந்து இறக்குகிற இருவரில் ஒருவருக்குக் கால் வழுக்கினால் என்ன ஆகும்?

டாங்கிகளின் கதை வேறு. ஆவடியில் விஜயந்தாவில் தொடங்கி அஜேயா, அர்ஜுன் என்று எத்தனையோ டாங்கிகள் உருவாகியிருக்கின்றன. அஜேயா ஏறத்தாழ 41 டன். அதன் உடலோடு கனத்த எஃகு வடங்கள் இருக்கும், இழுகொக்கிகளின் வாயை ஸ்பிரிங் வைத்த நாக்கு மூடியிருக்கும். வடத்தின் கண்ணை அழுத்தினால் நாக்கு உள்ளே மடங்கி வழிவிட்டு, பின்னாலேயே மூடிக்கொள்ளும். ஆள் வெளியே நிற்கிற நேரத்தைக் குறைக்கத்தான் அந்த நாக்கு. இராக்கில் அமெரிக்கப் படையினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாரின் கால்களை முன் பம்பரில் முன்கூட்டியே மாட்டி, மேல்நோக்கி மடக்கிப் பூட்டிக்கொண்டே வண்டிகளை ஓட்டினார்கள். குண்டு வெடித்து வண்டி நின்றால், பூட்டை விடுவித்துப் பாரைச் சாய்த்து அடுத்த வண்டியில் மாட்டிவிடலாம். சுடுகிற இடத்தில் ஒவ்வொரு விநாடியும் உயிர்.

ஜோஜிலாவிலிருந்து இறங்கியதும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தொட்டிலும் நெம்புப் பூட்டும் கடையாணியுமாகச் செய்து மாட்டினோம். ஆணி தொலையாமல் இருக்கச் சங்கிலி போட்டோம். சங்கிலி எவ்வளவு நீளம் என்பதில்தான் எனக்கும் எங்கள் சுபேதார் சாபுக்கும் வாக்குவாதம். வசதிக்காக ஒரு முழம் விடலாம் என்றேன் நான். அவர் ஒன்றும் பேசாமல், அந்தக் கடையாணியை எடுத்து, இழுவைப் பின் போடவேண்டிய பம்பர்த் துளையில் செருகிக் காட்டினார். மெல்லிய ஆணி, பெரிய துளை, சுகமாக நுழைந்தது. அவசரத்தில் எவனாவது இதைப் போட்டு வண்டியை இழுத்துவிடுவான், முதல் இறக்கத்திலேயே அது துண்டாகும் என்றார். ஆணி நெம்புவரை எட்டவேண்டும், பம்பர்த் துளைக்கு எட்டக்கூடாது. அளந்து ஆறு கண்ணிகளோடு வெட்டினோம்.

விரல் மரத்துப்போன அந்தப் பையனையே கூப்பிட்டு, கண்ணைக் கட்டி, தடித்த பனிக் கையுறையைப் போட்டு, திறக்கச் சொன்னேன். முதல் தடவை தடவித் தடவி ஆணியைத் தேடினான். அதனால் வளையத்தைப் பெரிதாக்கினோம், நாலு விரலும் நுழைகிற மாதிரி. அடுத்த தடவை நான் மனசுக்குள் எட்டு எண்ணுவதற்குள், "அண்ணே, பிடிங்க" என்று குரல் வந்தது. பாரின் மறுமுனை ஏற்கெனவே என் கையில் கனத்துக்கொண்டிருந்தது.