வெயிலை வெளியிலேயே நிறுத்துவோம்

வணக்கம் நேயர்களே. பசுமைக் கட்டடம் என்றதும் பலருக்கும் மாடிக்கு மாடி செடி தொங்கும் ஹோட்டலும் கூரை நிறைய சூரியத் தகடும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் இருக்கட்டும். என் மனசில் பல வருடமாக ஓடிக்கொண்டிருப்பது ரொம்பச் சாதாரண விஷயம், சாயங்கால வெயில் அடிக்கிற சுவர்.

சிங்கப்பூரில் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, ஏறக்குறைய 1.3 பாகையில். நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும், அந்த வெயில் கூரையோடு போய்விடும். தொல்லை காலையிலும் மாலையிலும்தான். சூரியன் தாழ இறங்கியதும் கதிர் நேராகச் சுவரிலும் ஜன்னலிலும் அடிக்கும், மேலே சன்ஷேடு வைத்திருந்தாலும் அதற்கு அடியில் புகுந்து வந்துவிடும். கிழக்கு வெயிலாவது இரவுக் குளிர்ச்சி கொஞ்சம் மிச்சமிருக்கும்போது வருகிறது. மேற்கு வெயில் ஏற்கெனவே சூடாகிக் கிடக்கும் வீட்டின்மேல் விழுகிறது, கான்கிரீட் அதை வாங்கி வைத்துக்கொண்டு நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரமாகப் பார்த்து உள்ளே விடுகிறது.

ஈசூனில் ஒரு நண்பர் வீடு. வரவேற்பறையும் பால்கனியும் மேற்குப் பார்த்தவை. ராத்திரி ஒன்பது மணிக்குமேல் அந்தச் சுவரில் கை வைத்தேன், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான தோசைக்கல் மாதிரி இருந்தது. மகன் பெரிய ஏர்கான் வாங்கலாம் என்கிறார், மருமகள் தடியான திரைச்சீலை போடலாம் என்கிறார், நண்பர் என்னைப் பார்க்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, "ஊர்ல தட்டியைத் திண்ணைக்கு வெளியதான கட்டுவோம், வீட்டுக்குள்ளயா கட்டுவோம்?" என்றார். அவ்வளவுதான், என் உரை முடிந்துவிட்டது! கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்புவது கஷ்டம். திரைச்சீலை வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் தான் வாங்கிய சூட்டைப் பெரும்பாலும் அறைக்குள்தான் விடும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். பால்கனியின் ஓரத்தில் மூங்கில் தட்டி இறக்கினார்கள், மதியமே இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுவார்கள். பழைய ஏர்கான்தான் இன்னும் ஓடுகிறது. (வெளிப்பக்கம் எதை மாட்டுவதாக இருந்தாலும் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிமுறையைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், நான் சொன்னேன் என்று மாட்டாதீர்கள்.)

திரும்பவும் சொல்கிறேன், இப்போதுதான் ரேடியோவைப் போட்டவர்களுக்காக: முதலில் நிழல், அப்புறம் காற்று, அதற்கும் பிறகுதான் ஏர்கான்.

நம்முடைய பழைய கடைவீடுகளுக்கு இது தெரியும். சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் கடைக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஐந்தடிப் பாதையில் நடக்கிறோமே, 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்காகப் போட்ட உத்தரவில் வந்த ஏற்பாடு அது. மழைக்கு ஒதுங்க மட்டும் இல்லை, வெயில் முன்சுவரைத் தொடாமலும் பார்த்துக்கொள்கிறது. உள்ளே நடுவில் திறந்த முற்றம், சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். வீட்டுக்குள் ஒரு கிணறு அளவுக்கு வானத்தை விட்டுவைக்க அந்தக் காலத்தில் மனசு இருந்தது, இப்போது அந்த இடத்துக்கும் வாடகை கணக்குப் போடுகிறோம்.

சரி, காற்றுக்கு வருகிறேன். மின்விசிறி அறையைக் குளிர வைக்காது, நம் தோலிலிருந்து வியர்வையைக் காய வைக்கும். யாருமில்லாத அறையில் அது சுற்றுவது வீண். ஆனால் ஆள் இருக்கும்போது சுற்றினால் ஏர்கானை இரண்டு மூன்று டிகிரி ஏற்றி வைத்தாலும் சுகமாகவே இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த எஸ்டிஇ4 கட்டடம் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. வழக்கத்தைவிடக் குறைவாகக் குளிர்வித்த காற்று, மேலே விசிறி, வெளியே நீண்டு நிற்கும் பெரிய கூரை. கூரைமேல் 1,200க்கும் அதிகமான சூரியத் தகடுகள். தேவையைக் குறைத்துவிட்டுத் தகடு வைத்ததால்தான், ஒரு வருடத்துக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் கட்டடமாக அதை வடிவமைக்க முடிந்தது. குறைக்காமல் வைத்தால் எத்தனை தகடும் போதாது.

ஈசூனிலேயே கூ டெக் புவாட் மருத்துவமனைக்குப் போயிருப்பீர்கள், 2010இல் திறந்தது. வெளிச்சுவரில் துடுப்பு துடுப்பாக நீட்டிக்கொண்டிருப்பது அலங்காரம் என்று நினைத்திருந்தால், இல்லை, பருவக்காற்றைப் பிடித்து, ஏர்கான் இல்லாத பொது வார்டுகளுக்குள் திருப்பிவிடுவதற்காக வைத்தது. அடுத்த முறை யாரையாவது பார்க்கப் போனால் அண்ணாந்து பாருங்கள்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். தெங்கா நகரில் அடுக்குமாடி புளோக் கூரையில் தண்ணீரைக் குளிர்வித்துக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்பும் முறை பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், கட்டடங்கள் எவ்வளவு பசுமையானவை என்று மதிப்பிட 2005இல் தொடங்கிய பசுமைக் குறியீடு பற்றியும். நேரமில்லை. ஒன்று மட்டும். புது வீட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், மாடியும் விலையும் பார்ப்பதற்கு முன்னால் வரைபடத்தின் ஓரத்தில் வடக்கைக் காட்டும் சின்ன அம்பைத் தேடுங்கள். படுக்கையறை ஜன்னல் வடக்கிலோ தெற்கிலோ இருக்கிற வீடு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மேற்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் தட்டி வாங்கலாம். நன்றி, வணக்கம்.