அம்மாவுக்குத் தெரியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறுவன் திருடிப் பிடிபட்டால், "பெற்றவர்கள் என்ன வளர்த்தார்கள்?" என்றுதான் ஊர் முதலில் கேட்கும். ஆய்வாளர்களும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் நாகரிகமாக.

1960-களில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் 4,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் நிரப்பிய வினாத்தாள்களை டிராவிஸ் ஹிர்ஷி என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். திருடியது உண்டா, பிறர் உடைமையைச் சேதப்படுத்தியது உண்டா, யாரையாவது அடித்தது உண்டா என்ற கேள்விகளோடு வேறொன்றும் அதில் இருந்தது: நீ வெளியே போனால் எங்கே இருக்கிறாய் என்று உன் தாய்க்குத் தெரியுமா? தெரியும் என்று எழுதிய பையன்களிடம் குற்றம் குறைவாக இருந்தது. கை நீளும் அந்த நொடியில் எந்தத் தாயும் பக்கத்தில் நிற்பதில்லை. ஆனால் "அம்மா அறிந்தால் என்ன நினைப்பாள்" என்ற எண்ணம் அவனுக்கு வருகிறதா என்பதே முக்கியம் என்றார் ஹிர்ஷி. ஏழை வீடா, வசதியான வீடா என்பது அவர் கணக்கில் பெரிதாக எடுபடவில்லை. நம்மில் பலருக்கு இது உறைக்க வேண்டிய செய்தி.

சரி, இனி பிள்ளையின் செல்பேசியைத் தினமும் சோதிப்போம் என்று சிலர் கிளம்பக்கூடும். அவசரப்பட வேண்டாம். ஸ்வீடனில் ஹோக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி, துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ அறிந்தது அல்ல. பிள்ளைகள் தாமாகவே வந்து சொன்னது. தவறான வழியில் இறங்கிவிட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆகவே எது காரணம், எது விளைவு என்று கோடு கிழிப்பது கடினம். கூட்டாளிகளின் இழுப்பும் இருக்கிறது. எல்லாப் பழியையும் வீட்டின்மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குற்றம் செய்த சிறுவனுக்கு அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்ப, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் நீதிக் குழுமத்துக்கு இடம் தருகிறது. அப்போது ஆலோசனை அவனுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் உண்டு. அந்த அமர்வில் தகப்பனிடமும் தாயிடமும் ஒன்று கேட்கலாம் என்பது என் யோசனை: கடைசியாக உங்கள் பிள்ளை தான் செய்த தப்பைத் தானே வந்து சொன்னபோது, நீங்கள் என்ன செய்தீர்கள்?

நன்றி, வணக்கம்.